வானொலிப் பக்கம்: பூட்டிக் கிடக்கும் கல்லூரி ரேடியோவைத் திறப்பது எப்படி?

போன இதழில், நான் படித்த கல்லூரியின் வானொலி ஆறு வருடம் மௌனமாக இருந்து, மறுபடி ஒலிக்கத் தொடங்கியதைப் பத்து வரியில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், பல ஊர்க் கல்லூரிகளில் இப்படி ஓர் அறை பூட்டிக் கிடக்கிறது என்று தெரிகிறது. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன்.

எங்கள் கல்லூரியின் சமுதாய வானொலி மூன்று வருடமாக ஒலிக்கவில்லை. பழைய மாணவர்கள் இருபது பேர் பணம் போடத் தயாராக இருக்கிறோம். எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும்?
*முன்னாள் மாணவர், கும்பகோணம்*

பணத்தை இப்போது கையில் எடுக்காதீர்கள். முதலில் கல்லூரி அலுவலகத்தில் பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள்.

சமுதாய வானொலி என்பது சுற்றுவட்டார மக்களுக்காக ஒலிக்கும் சிறிய எஃப்.எம். நிலையம். அதற்கு உயிர் இரண்டு தாள்களில் இருக்கிறது. ஒன்று, தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தோடு கல்லூரி செய்துகொண்ட அனுமதி ஒப்பந்தம். இன்னொன்று, தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசைகளைப் பங்கிடும் டபிள்யூ.பி.சி. பிரிவு தரும் உரிமம். இரண்டிலும் முடியும் தேதி போட்டிருக்கும். தேதி மிச்சம் இருந்தாலும், மூன்று மாதத்துக்கு மேல் ஒலிபரப்பு நின்றால் அனுமதியை ரத்து செய்ய அமைச்சகத்துக்கு அதிகாரம் உண்டு. உங்களுடையது நின்று மூன்று வருடம். ஆகவே இப்போதைய நிலை என்ன என்று கேட்டு, கல்லூரி முதல்வர் கையெழுத்தில் ஒரு கடிதம் போகட்டும். பழைய மாணவர் சங்கத்தின் பெயரில் எழுதிப் பயனில்லை. அனுமதி கல்லூரிக்குக் கொடுத்தது, பதில் சொல்ல வேண்டியதும் கல்லூரிதான்.

புதிதாக விண்ணப்பிக்கச் சொன்னால் சோர்ந்துவிடாதீர்கள். அமைச்சகத்தின் 'பிராட்காஸ்ட் சேவா' இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். முன்பெல்லாம் முதல் அனுமதி 5 வருடத்துக்குத்தான். 2024-இல் நெறிமுறைகளைத் திருத்தி அதை 10 வருடமாக்கியிருக்கிறார்கள். எங்களுக்கும் புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டி வந்தது. பதினான்கு மாதம் ஆயிற்று.

அந்தக் காத்திருப்பில்தான் நாங்கள் அறைக்குள் போனோம். நூலகத்தின் மேல்மாடி. சுவரில் ஒட்டியிருந்த நுரைப் பஞ்சு விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தது. ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர் கருவியின் மேல் யாரோ ஒரு நல்ல ஆத்மா பழைய பிளாஸ்டிக் மேசைவிரிப்பைப் போர்த்திவிட்டுப் போயிருந்தார். 'டிரான்ஸ்மிட்டர் செத்துப்போச்சு, புதுசு வாங்கணும்' என்ற பேச்சோடுதான் அன்று எல்லாரும் வந்திருந்தோம். பணம் திரட்டக் கூப்பிட்டதே அதற்காகத்தான்.

எங்களில் ஒருவர் இயற்பியல் படித்தவர், இப்போது செல்போன் கோபுரங்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறார். அவர் டிரான்ஸ்மிட்டரை, அதாவது ஒலிபரப்பும் பெட்டியை, தொடவே இல்லை. நேரே மொட்டைமாடிக்குப் போய், ஆன்டெனாவிலிருந்து இறங்கும் கேபிளின் மேல்முனைக் கனெக்டரைக் கழற்றி, கருப்பு உறையைக் கத்தியால் ஒரு சாண் நீளத்துக்குக் கீறினார். உள்ளே செம்புப் பின்னல் பச்சையாக இருந்தது, தேய்க்காத செம்புக் குடத்தில் களிம்பு ஏறியது மாதிரி. கேபிளை மடக்கிப் பிடித்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

கனெக்டரைச் சுற்றியிருந்த ரப்பர் டேப் வெயிலில் வெடித்து, ஒவ்வொரு ஐப்பசி மழையும் அந்தப் பின்னல் வழியாகக் கீழே இறங்கியிருக்கிறது. டிரான்ஸ்மிட்டர் அனுப்பும் சக்தி ஆன்டெனாவுக்குப் போகாமல் பாதியில் முட்டித் திரும்பி வந்திருக்கிறது. அப்படித் திரும்பி வரும் சக்தி கடைசிக் கட்ட டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடும். அதனால் எங்கள் பெட்டி ஆபத்தை உணர்ந்து தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருக்கிறது. அதைத்தான் எல்லாரும் செத்துப்போச்சு என்றார்கள். கேபிள், இரண்டு கனெக்டர், யு.பி.எஸ். பாட்டரிகள் மாற்றினோம். அப்புறம் மிக்ஸரில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்களைச் சுத்தம் செய்தோம். டிரான்ஸ்மிட்டர் பழையதேதான், 50 வாட்.

இரண்டு விஷயம் கவனம். ஆன்டெனா இணைக்காமல் டிரான்ஸ்மிட்டரை ஒரு நொடிகூடப் போடக் கூடாது. உரிமம் கைக்கு வராமல் வானில் ஒரு சொல்லும் போகக் கூடாது. இந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரு வழி உண்டு. 'டம்மி லோடு' என்று ஒரு கருவி, ஆன்டெனா இருக்கும் இடத்தில் அதை மாட்டினால் சக்தி முழுவதும் வெப்பமாகிவிடும், வெளியே போகாது. சோதனையெல்லாம் அதில்தான்.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். என் கல்லூரி வானொலிக்குப் பணம் அனுப்ப ஆசை. நேரே அனுப்பலாமா?
*வாசகர், சிங்கப்பூர்*

உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதைப் பொறுத்தது. இன்னும் இந்தியக் குடிமகன் என்றால், வெளிநாட்டில் சம்பாதித்த பணமானாலும் வங்கி வழியாகத் தாராளமாக அனுப்பலாம். அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டீர்கள் என்றால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் நீங்கள் வெளிநாட்டவர் கணக்கில்தான் வருவீர்கள். அப்போது கல்லூரி எஃப்.சி.ஆர்.ஏ. என்னும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும், பணமும் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கென்றே திறந்த கணக்குக்குத்தான் போக வேண்டும். நண்பரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பி, அவர் எடுத்துக் கொடுப்பது என்ற குறுக்குவழி வேண்டவே வேண்டாம். மாட்டிக்கொள்வது கல்லூரியாக இருக்கும்.

பணம் தவிர உங்களால் இன்னொன்று முடியும். வாரம் ஒரு மணி நேரம் இணையம் வழியாக ஒலித்தொகுப்பு சொல்லிக் கொடுக்கலாம். எங்கள் பிள்ளைகளுக்கு மஸ்கட்டிலிருந்து ஒருவர் அப்படித்தான் சொல்லித் தந்தார். மூச்சு சத்தத்தை எங்கே வெட்டுவது, எங்கே விட்டுவைப்பது என்பதை அவரிடம்தான் கற்றுக்கொண்டார்கள்.

எங்கள் கல்லூரியில் பழைய மாணவர்கள் வந்து வானொலியை மீட்டுத் தந்தார்கள். நன்றி மறக்கவில்லை. ஆனால் இப்போது நிகழ்ச்சி எல்லாவற்றிலும் அவர்களே பேசுகிறார்கள், நாங்கள் கேபிள் சுருட்டுகிறோம். மரியாதை கெடாமல் இதை எப்படிச் சொல்வது?
*இரண்டாம் ஆண்டு மாணவி, திருச்சி*

இந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தேன் மகளே. ஏனென்றால் இதே தவற்றை நானும் செய்தேன்.

நான் திருநெல்வேலி வானொலியில் அறிவிப்பாளராக இருந்தவள். ஒரு சொல் பிசகினால் மேலிருந்து குறிப்பு வரும் என்ற பயத்தோடு வளர்ந்த தமிழ் என்னுடையது. எங்கள் கல்லூரி நிலையம் மறுபடி திறந்த முதல் வாரம், வணிகவியல் படிக்கும் ஒரு பெண் பேச வந்தாள். ஆலங்குளம் பக்கம் ஒரு கிராமம், வீட்டில் அம்மா பீடி சுற்றுகிறார். மைக் முன்னால் உட்கார்ந்து, 'எக்கா, எல்லாரும் நல்லா இருக்கியளா?' என்று தொடங்கினாள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து கையைக் காட்டி நிறுத்தி, 'அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்' என்று சொல்லச் சொன்னேன். சொன்னாள். ஒன்பது தடவை. ஒன்பதாவது தடவை பிழையே இல்லை, உயிரும் இல்லை. அடுத்த வாரம் அவள் வரவில்லை.

அந்த வாரக் கடைசியில்தான் நான் சமுதாய வானொலிக்கான விதிமுறைகளை ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதி, அந்தப் பகுதி மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும். அவை கூடுமானவரை அவர்கள் பேசும் மொழியில், வட்டார வழக்கில் இருக்க வேண்டும் என்றும் இருந்தது. அவள் பேசியதுதான் விதி. நான் திருத்தியதுதான் பிழை.

வீடு தேடிப் போனேன். அவளுடைய அம்மா மடியில் தட்டோடு உட்கார்ந்திருந்தார். இலையை ஈரத்துணியிலிருந்து எடுத்து, கத்தரியால் அளவு வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, முனையை மடக்கி... பேசிக்கொண்டே கை ஓடிக்கொண்டிருந்தது. ஆயிரம் சுற்றினால்தான் அன்றைக்குக் கூலி. கண்ணும் கையும் வேலையில், காது மட்டும் சும்மா இருக்கிறது. 'டி.வி. பாத்தா எண்ணம் தப்பிரும், ரேடியோன்னா கேட்டுக்கிட்டே சுத்தலாம்' என்றார். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது காலை 10 மணி நிகழ்ச்சி அவளுடையது. பீடி இலை தரம், வருங்கால வைப்பு நிதிப் படிவம், பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்குக் கடைசித் தேதி, நடுவில் ஒரு விடுகதை. முதல் நாள் அழைத்த ஒரு அம்மா, 'இம்புட்டு நாளா எங்க போயிருந்தீய?' என்று கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

இனி உங்கள் கேள்வி. உங்கள் அண்ணன்மார், அக்காமார் கெட்டவர்கள் இல்லை. இருபது வயதில் பேசிய மைக் மறுபடி கிடைத்த சந்தோஷம் அவர்களுக்கு. எதிர்த்துச் சொல்ல வேண்டாம், ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். வாராந்தர நிகழ்ச்சி அட்டவணை ஒன்று போட்டு, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் எதிரே தயாரிப்பாளர், குரல், ஒலிப்பதிவு என்று மூன்று கட்டம் வரையுங்கள். குரல் கட்டத்தில் இப்போது படிக்கும் மாணவர் பெயர் மட்டும்தான் வர வேண்டும். பழைய மாணவர்களுக்கு வாரத்தில் அரை மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள். அதைப் பொறுப்புப் பேராசிரியரிடம் கொடுத்து, அவரைப் பேசச் சொல்லுங்கள். எங்கள் நிலையத்தில் நாங்கள் இதை எழுதிக் கையெழுத்தே போட்டுவிட்டோம்: பழைய மாணவர்கள் பழுது பார்ப்போம், பழக்கித் தருவோம், கூப்பிட்டால் மட்டும் பேசுவோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வானொலி அன்று நின்றது பணம் இல்லாமல் அல்ல. நன்றாக நடத்திய ஒரு பேட்ச், தனக்குப் பின்னால் யாரையும் பழக்காமல் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டது. பொறுப்பில் இருந்த பேராசிரியரும் ஓய்வு பெற்றார். கம்ப்யூட்டரின் கடவுச்சொல் யாருக்கும் தெரியவில்லை. அவ்வளவுதான் கதை. நீங்கள் இரண்டாம் ஆண்டு. முதலாம் ஆண்டிலிருந்து இரண்டு பேரை இன்றைக்கே பக்கத்தில் உட்கார வையுங்கள்.

கல்லூரி வானொலியில் செய்தி வாசிக்கலாமா? விளம்பரம் போட்டால் செலவைச் சமாளிக்க முடியுமா?
*பேராசிரியர், சேலம்*

சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்க அனுமதி இல்லை. ஆகாசவாணிச் செய்தியை மறு ஒலிபரப்பு செய்யலாம். வானிலை, மின்தடை, தேர்வு அறிவிப்பு போன்ற தகவல்களுக்குத் தடை இல்லை. எங்கள் நேயர்கள் உண்மையில் கேட்பதும் இவற்றைத்தான். ஒலிபரப்பியதையெல்லாம் மூன்று மாதம் பதிவாக வைத்திருக்க வேண்டும். அதற்கென்று தனி ஹார்ட் டிஸ்க் வாங்கிவிடுங்கள், நிகழ்ச்சி தயாரிக்கும் கம்ப்யூட்டரிலேயே வைத்தால் ஒரு நாள் இடம் இல்லை என்று யாராவது அழித்துவிடுவார்கள்.

விளம்பரம் போடலாம். 2024 திருத்தப்படி மணிக்கு 12 நிமிடம் வரை. முன்பு 7 நிமிடம்தான். அரசு விளம்பரத்துக்கு 10 விநாடிக்கு 52 ரூபாயாக இருந்ததை 74 ஆக்கியிருக்கிறார்கள். ஆனால் அதை நம்பி பட்ஜெட் போடாதீர்கள், பணம் வந்து சேரக் காலம் பிடிக்கும். ஊர்க் கடைகள்தான் மாதாமாதம் கை கொடுக்கும். எங்களுக்கு ஒரு பாத்திரக்கடை, ஒரு விதைக்கடை, ஒரு டியூஷன் சென்டர். கருவி வாங்க அமைச்சகத்தின் மானியத் திட்டமும் இருக்கிறது, விண்ணப்பிக்காமல் விடாதீர்கள். திரைப்பாட்டு போடுவதென்றால் உரிமைத் தொகையையும் கணக்கில் சேருங்கள்.

தமிழ்நாட்டில் கல்லூரி வானொலி எப்போது தொடங்கியது?
*பள்ளி மாணவன், மயிலாடுதுறை*

நல்ல கேள்வி தம்பி. காற்றில் போகும் அலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் ஒரு தீர்ப்பில் சொன்னது. அதன் பிறகு கல்வி நிறுவனங்களுக்கு வழி திறந்தது. இந்தியாவில் முதல் வளாக சமுதாய வானொலி நம் சென்னையில்தான் வந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 2004 பிப்ரவரி 1 அன்று 90.4 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்க ஆரம்பித்தது. தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி என்று 2006-இல் விரிவாக்கினார்கள்.

ஆனால் 'நின்றுபோன வானொலியை மீட்பது' என்பது அதைவிடப் பழைய கதை. 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். அந்த ஜூலை மாதக் கடைசியில் சிறிய டிரான்ஸ்மிட்டரில் ஒலிபரப்பும் ஆரம்பித்தது. பணக்கஷ்டத்தில் 1927-இல் நின்றுவிட்டது. அவர்கள் கருவியைப் பழைய இரும்புக்குப் போடவில்லை. சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். 1930-இல் மாநகராட்சி ஒலிபரப்பைத் தொடங்கியது. மெரினாவில் ஒலிபெருக்கி கட்டி, மாலையில் மக்கள் நின்று கேட்டார்கள். 1938-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வரும்வரை அது தொடர்ந்தது. கருவியைக் கை மாற்றிக் கொடுத்த அந்த மனிதர்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

எல்லாரும் பாட்காஸ்ட், யூடியூப் என்று போய்விட்ட காலம். 10 கிலோமீட்டர் எட்டும் வானொலிக்காக இவ்வளவு பாடு எதற்கு? அதே பணத்தில் ஒரு சேனல் தொடங்கலாமே?
*வாசகர், சென்னை*

சேனலும் தொடங்கட்டும், எங்கள் பிள்ளைகளும் நிகழ்ச்சிகளை இணையத்தில் ஏற்றுகிறார்கள். ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நான் பாளையங்கோட்டையில் இருந்தேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. முதலில் கரண்ட் போனது, பிறகு செல்போனில் சிக்னல் போனது. எந்தப் பாலம் திறந்திருக்கிறது, எங்கே சாப்பாடு கொடுக்கிறார்கள் என்று பக்கத்துத் தெருவுக்கே தெரியவில்லை. என் வீட்டில் இரண்டு செல் போட்ட பாக்கெட் ரேடியோ இருந்தது. எங்கள் கல்லூரி அலைவரிசைக்குத் திருப்பினேன். பழக்கத்தில் திருப்பிவிட்டேன். உஸ்ஸ்ஸ் என்ற இரைச்சல்தான் கேட்டது.

கல்லூரி மேட்டுப் பகுதியில் இருக்கிறது, தண்ணீர் ஏறவில்லை. ஜெனரேட்டர் இருந்தது. டிரான்ஸ்மிட்டர் இருந்தது. அதை ஒலிக்க வைக்க ஓர் ஆள் இல்லை, உரிமம் இல்லை, கேபிளில் தண்ணீர். தண்ணீர் வடிந்து பத்து நாள் கழித்துப் பழைய மாணவர்கள் நாங்கள் நிவாரணப் பொருள் பிரிக்கக் கூடினோம். அரிசிப் பைகளுக்கு நடுவே உட்கார்ந்து இதைத்தான் பேசினோம். மீட்கும் எண்ணம் அன்றுதான் பிறந்தது.

இந்த நிலையங்களின் ஆன்டெனா வானில் வீச அனுமதிக்கும் திறன் பொதுவாக 100 வாட்தான், கோபுரம் 30 மீட்டருக்குள். ஆகவே எட்டுவது குறைவு என்பது உண்மை. ஆனால் வெள்ளத்தில் மாட்டியவருக்கு வேண்டியது அந்தப் பத்துக் கிலோமீட்டரின் தகவல்தான். எங்கள் பாட்டரிகள் மூன்று மணி நேரம் தாங்கும். பிறகு ஜெனரேட்டர். ஒவ்வொரு புரட்டாசி முடிவிலும் இரண்டையும் ஓட்டிப் பார்த்து, கூடவே மொட்டைமாடிக் கனெக்டருக்குப் புது டேப் சுற்றுவது என்று முடிவு செய்திருக்கிறோம்.

எங்கள் நிலையத்தில் பழைய கேசட்டுகளும் சி.டி.க்களும் ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கிடக்கின்றன. தூக்கிப் போடலாமா?
*முன்னாள் மாணவி, நாகர்கோவில்*

தயவுசெய்து வேண்டாம்.

எங்களிடமும் அப்படி ஒரு பெட்டி இருந்தது. கேசட்டை எடுத்ததும் பிளேயரில் போட்டு ஓட்டிவிடாதீர்கள். நாடாவில் வெள்ளையாகப் பூசணம் தெரிந்தால் அதைத் தனியே வையுங்கள், பிளேயரின் தலையில் ஒட்டி அடுத்த கேசட்டையும் கெடுக்கும். நல்லதாகத் தெரிவதையும் முழுக்க ஒரு தடவை முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு, அதன்பின் ஒலிக்க விட்டு, அதே நேரத்தில் கம்ப்யூட்டரில் பதிவு செய்யுங்கள். இரண்டாம் தடவை அது ஓடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

எங்கள் பெட்டியில் பென்சிலால் 'வில்லு, அம்மன் கோயில் கொடை' என்று மட்டும் எழுதிய ஒரு கேசட். கொடை என்றால் எங்கள் பக்கத்தில் கோயில் திருவிழா. அந்த வில்லுப்பாட்டுக்காரர் இப்போது இல்லை. வீட்டார் கொடுத்த அனுமதியோடு ஒலிபரப்பினோம். பேத்தி எங்கள் கல்லூரியிலேயே விலங்கியல் படிக்கிறாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. தாத்தாவின் குரலை அவள் கேட்டதே இல்லையாம். ஸ்டூடியோவில் ஹெட்போனை மாட்டிவிட்டோம். குடம் அடிக்கும் சத்தம் வந்தது, வீசுகோல் மணிகள் வந்தன, தாத்தா 'தந்தனத்தோம்' என்று எடுத்தார். நடுவில் ஒரு இருமல். பதிவைத் தொகுத்த பையன் அந்த இருமலை வெட்டிவிடவா என்று என்னைக் கேட்டான். அந்தப் பெண் ஹெட்போனைக் கழற்றாமலே வேண்டாம் என்று கை அசைத்தாள்.

உங்கள் பெட்டியில் என்ன இருக்கிறது என்று பட்டியல் போட்டு எனக்கு எழுதுங்கள். கேசட் பிளேயர் இல்லையென்றால் சொல்லுங்கள், எங்களிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்றை அனுப்பி வைக்கிறேன்.